அறுபத்து நான்காம் பக்கமும் முப்பத்திரண்டு வெற்று அட்டைகளும்

போன ஆனியில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, சுந்தர் போன் செய்தான். நேரத்தை எப்படி இத்தனை துல்லியமாகச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். போன் அடித்தால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பேன், பிறகுதான் எடுப்பேன். அதனாலேயே பாதி அழைப்புகள் நான் எடுப்பதற்குள் நின்றுவிடும். இது ஒன்பது தடவை அடித்தது.

“மாமா, மேலகரம் பில்டிங்க இடிக்கப் போறோம். மாடியில ஒங்க பிளேன் பெட்டி மூணு கெடக்கு. ஞாயித்துக்கெழம ஜேசிபி வருது. அதுக்குள்ள வந்து எடுத்துக்கிடுங்க. இல்லன்னா பழைய பேப்பரோட போயிரும்.”

பழைய பேப்பரோடு போய்விடுமாம். அந்தப் பெட்டிகளைத்தான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். கரையான் தின்றுவிட்டது என்று சுந்தரின் அப்பாவே என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார்.

சுந்தரின் அப்பா சங்கரலிங்கம் அண்ணாச்சியை நாங்கள் கேப்டன் என்று கூப்பிடுவோம். கப்பலும் கிடையாது, பட்டாளமும் கிடையாது. விமானப்படையில் ஆறு வருஷம் தரையில் நின்று சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டு ஊர் திரும்பியவர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் அரவை மில் வைத்தார். மில்லுக்கு மேலே பதினேழு படி ஏறினால் ஓர் ஒற்றை அறை. அதுதான் வான்நோக்குத் தொண்டர் குழு, தென்காசிக் கிளை. கேப்டன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. மில் ஓட்டம் நின்று அதற்கும் முன்னே பல வருஷம்.

அப்படி ஒரு குழு இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். ஐம்பது வருஷம் இருக்கும், அப்போது ஒரு யுத்தம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கமாகத் தாழப் பறந்து வருகிற விமானத்தைக் கருவிகள் காட்டாது, மனிதக் கண்தான் காட்டும் என்று சென்னையிலிருந்த தலைமையகம் சொன்னது. வாசுதேவநல்லூரில் ஒரு கிளை, எங்களுடையது ஒன்று, கேரளா எல்லையில் புளியறையில் ஒன்று. வடக்கே இருக்கிறவன் விமானத்தைப் பார்த்தால் தெற்கே இருக்கிறவனுக்குப் போனில் சொல்ல வேண்டும். என்ன விமானம், எத்தனை, எந்தத் திசை, எத்தனை மணி. சம்பளம் கிடையாது. சீருடை கிடையாது. கையில் கட்டிக்கொள்ள ஒரு நீலத் துணி உண்டு. அதுவும் முதல் சலவையிலேயே சாயம் போனது.

எங்கள் கிளையில் இருபத்திரண்டு பேர். வாத்தியார்கள் ஐந்து, கடைக்காரர்கள் எட்டு, அரசாங்கக் குமாஸ்தாக்கள் ஆறு, சும்மா இருந்தவர்கள் மூன்று. நான் அந்த ஆறு குமாஸ்தாக்களில் ஒருவன். நீர்ப்பாசன ஆபீஸில் மழை அளக்கிற வேலை. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மழை பெய்யாத நாளிலும் சுழி என்று எழுத வேண்டும். சுழியும் இல்லாமல் விட்டால் அன்றைக்கு ஆளே வரவில்லை என்று அர்த்தம். எனக்கு இருபத்து நாலு வயதில் படிந்த பழக்கம் இது. இன்னும் விடவில்லை. இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் கேப்டன் என்னைப் பயிற்சிப் பொருள்களுக்குப் பொறுப்பாளராக்கினார். பெயரும் வைத்தார். “ஏ கணக்கு!” என்றால் நான் திரும்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமையே ஆட்டோ பிடித்துப் போய் மூன்று பெட்டிகளையும் கொண்டுவந்துவிட்டேன். திறந்தவுடன் ஸ்டென்சில் மையின் வாசனை மூக்கில் ஏறியது. அந்தக் கால ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்ந்து பழசான மாதிரி இருக்கும். எனக்கு அது புதன்கிழமை சாயங்கால வகுப்பின் வாசனை. கீழே மில்லில் மல்லியோ மிளகாயோ அரைபடும். மேலே இருபத்திரண்டு பேர் தும்மிக்கொண்டே விமானம் படிப்போம்.

பெட்டிகளில் இருந்தவை: நிழலுருவ அட்டைகள் நூற்று முப்பத்தைந்து. செங்கோட்டை ஆசாரி ஒருவர் செய்து கறுப்புச் சாயம் அடித்த மர விமானங்கள் பதினொன்று. ஆங்கிலக் கைப்புத்தகம் ஒன்று, மேலட்டை இல்லை. தேர்வுத் தாள்கள் அறுபத்தாறு. நூறு பக்கப் பயிற்சிப் பதிவேடு ஒன்று. செத்த பல்லி ஒன்று. ராமபாணப் பூச்சிகளை நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. எனக்கும் எல்லை உண்டு.

ஈரத்தாளை வெயிலில் காயவைக்கக் கூடாது, சுருண்டுகொள்ளும். ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை இரண்டில் வைத்தேன். ஒவ்வோர் அட்டைக்கும் நடுவே ஒரு வெள்ளைத்தாள். பதிவேட்டின் ஏடுகளை வர்ண பிரஷால் ஒவ்வொன்றாகத் துடைத்து, வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து பெட்டியின் நாலு மூலையிலும் வைத்தேன். ஒன்பது நாள் வேலை. வீட்டில் நடமாட இடம் இல்லை. என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்: “கட்டில்ல பிளேன், மேசையில பிளேன், பூசை ரூம்ல பிளேன். நான் எங்கன போய் உக்கார? றெக்கையிலயா?”

அந்த அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அகலம். முன்பக்கம் மூலையில் ஒரு எண், நடுவில் ஒரு விமானத்தின் கறுப்பு உருவம், கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. பின்பக்கம் ஒன்றும் கிடையாது. பதினாறு பதினாறாகத் தபாலில் வரும். ஒன்பது தடவையில் நூற்று நாற்பத்து நாலு வந்தன. முதல் இரண்டு கட்டுகளை வைத்துத் தேர்வு நடத்தியபோது இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர்தான் தேறினோம். எல்லாம் ஒரே காக்காயாகத் தெரிந்தது. கைப்புத்தகமோ இறக்கையின் கோணம், வாலின் விகிதம் என்று பேசியது. ஜவுளிக்கடை வைத்திருந்தவனுக்கு வாலின் விகிதம் எதற்கு?

எங்களைத் தேற்றிவிட்டது பேச்சியம்மாள்.

பேச்சி தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சுரண்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். சனிக்கிழமை தபாலாபீஸில் பார்சலை வாங்கினால், மாடி அறைச் சாவி கேப்டனிடம் இருக்கும் என்பதால், பக்கத்திலேயே இருந்த எக்ஸ்சேஞ்சின் பெஞ்சில் உட்கார்ந்து அட்டைகளை எண்ணுவேன். அழைப்பு வராத நேரத்தில் அவள் எட்டிப் பார்ப்பாள். முதல் தேர்வு முடிந்த வாரம் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“அண்ணாச்சி, இது சொளவுல்லா?”

இறக்கை முக்கோணமாக விரிந்த விமானம். புடைக்கிற சொளவேதான். அப்புறம் என்னால் அதை வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை. அடுத்தது கரண்டி மூக்கு, அடுத்தது வாளைமீன் வால், இன்னொன்று பனங்கருக்கு. “இங்கன குடுங்க” என்று பழைய கட்டுகளையும் சேர்த்து வாங்கி, அட்டையின் பின்னால் பென்சிலால் குட்டிக் குட்டியாக எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இது நடந்தது. அடுத்த தேர்வில் இருபத்தொரு பேர் தேறினோம். தோற்ற ஒருவரின் பெயரைச் சொல்வது மரியாதையில்லை. ஆனால் விடைத்தாள் என் கையில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கேப்டன். “சட்டியும் கரண்டியும் படிக்கவா நான் ஏர்போர்ஸ்ல இருந்துட்டு வந்தேன்?” என்று அட்டையைத் திருப்பியே பார்க்க மாட்டேன் என்றுவிட்டார்.

பேச்சியைக் குழுவில் சேர்க்கவில்லை. சேர்க்க முடியாது. பதினெட்டிலிருந்து நாற்பத்தைந்து வயதுள்ள ஆண்கள் என்று கைப்புத்தகத்தில் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் பெயர்த்து எழுதியவனும் நான்தான். ஒரு நிமிஷம்கூட உறுத்தவில்லை.

போன ஆனியில், கட்டிலில் பரப்பிய அட்டைகளை எண்ணும்போது ஒன்றைக் கண்டேன். ஒன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை ஒன்பது அட்டைகள் தொலைந்து மீதி நூற்று மூன்று இருந்தன. எல்லாவற்றின் பின்னாலும் பென்சில் எழுத்து. நூற்றுப் பதின்மூன்றிலிருந்து நூற்று நாற்பத்து நாலு வரை முப்பத்திரண்டும் முழுசாக இருந்தன. ஒன்றின் பின்னாலும் ஓர் எழுத்து இல்லை. ஏழாவது கட்டோடு நின்றிருக்கிறது. வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தவன் நான். இதை அன்றைக்கு எண்ணிப் பார்க்கவில்லை.

ஏன் நின்றது என்பதற்குப் பதில் பதிவேட்டில் இருந்தது. அறுபத்து நான்காம் பக்கம்.

அந்த மாதம் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு விமானத்தை அனுப்புவோம், கிளைகள் எப்படிப் பார்க்கின்றன என்று சோதிப்போம் என்று. நாங்கள் ஞாயிறுதோறும் ஐந்தருவி போகிற வழியில் ஒரு பாறையின் மேல் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். போன் வந்தால் முந்நூற்று நாற்பது காலடி தள்ளி ஒரு லாட்ஜில் எடுக்க வேண்டும்.

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் ஏமாற்றிவிட்டது. ஆனி முடியப்போகிறது, அருவியில் வெறும் பாறைதான் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே சாரல். பத்தரை மணி இருக்கும், சைக்கிளில் போன எவனோ ஒருவன் கத்திக்கொண்டு போனான்: “மெயின் பால்ஸ்ல தண்ணி விழுதுடோய்!”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் சீசனின் முதல் தண்ணீர் விழுகிறது என்று கேட்டால் கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கிறவன் பாதிக் கிழிசலோடு போட்டுவிட்டு ஓடுவான். இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் விடவில்லை. இரண்டிரண்டு பேராகப் பதினொரு ஜோடி, ஜோடிக்குக் கால் மணி என்று உட்கார்ந்த இடத்திலேயே முறை எழுதினேன். முதல் ஜோடி போனது. வரவில்லை. அவர்களைக் கூட்டிவர இரண்டாவது ஜோடி போனது. கேப்டன், “நான் போய் எல்லாத்தையும் இழுத்துட்டு வாறேன்” என்று போனார். பதினொரு மணிக்குப் பாறையில் நான் ஒருத்தன். கையில் ஒரு நிமிஷமும் நடக்காத முறைப்பட்டியல். அதை மடித்து நாலாக்கிப் பையில் வைத்துக்கொண்டு நானும் போனேன். அருவிக்கரையில் எண்ணினேன். தண்ணீருக்குள் இருபது பேர். கேப்டன் எண்ணெய் வழியப் பாறையில் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவன் முதுகில் குத்திக்கொண்டிருந்தான். இருபத்திரண்டாவது ஆள் சட்டையைக் கழற்றினான்.

அருவி தலையில் விழும்போது உலகத்தில் வேறு சத்தம் கிடையாது. விமானம் அப்போதுதான் போனது.

ஒரு மணிக்கு ஈரத்தலையோடு எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தோம், கேப்டனும் நானும். பேச்சி நாற்காலியிலிருந்து திரும்பினாள்.

“எங்க போய்ட்டிய எல்லாரும்? வாசுதேவநல்லூர்க்காரவ போன் போட்டு, பிளேன் ஒங்க பக்கம் வருதுன்னு சொல்லுதாவ. நான் லாட்ஜுக்கு அடிச்சா, எல்லாரும் குளிக்கப் போயிட்டாவங்கான் அந்த மேனேஜரு. நல்லா இருக்கு.”

கேப்டனின் முகத்தில் எண்ணெய் மட்டும்தான் மினுங்கியது. “பிளேன் வந்துச்சா?”

“வந்துச்சு, போயிட்டு. ஹெட்செட்ட கழத்திப் போட்டுட்டு முத்தத்துக்கு ஓடிப் பாத்தேன். வடக்கேருந்து வந்து தென்மேக்க திரும்பிட்டு. தாழத்தான் போச்சு. பதினொண்ணு பதினேழு. நாப்பத்தேழாம் நம்பரு.”

“நாப்பத்தேழுன்னு எப்படித் தெரியும்?”

“மூக்கு கரண்டி, வாலு தோசத்திருப்பி. வேற எதுக்கு அப்படி இருக்கு?”

புளியறையிலிருந்தும் அதையேதான் சொன்னார்கள், நாற்பத்தேழு. அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதினேன். இப்போது அதைப் பார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்: “ஞாயிறு. சாரல். பாறைப் பணியில் இருந்தவர்கள் 0. குளித்துக்கொண்டிருந்தவர்கள் 22. விமானம் 1, வடக்கிலிருந்து தென்மேற்கு, தாழ்வு. அட்டை எண் 47. நேரம் 11.17. கண்டவர்: பேச்சியம்மாள், டெலிபோன் ஆபரேட்டர். உறுப்பினர் எண்:” அதற்கு நேரே ஒரு சின்னக் கோடு.

மாடிக்குப் போனதும் கேப்டன் அதைப் படித்தார். “ஏலே கணக்கு, கிழி அந்தத் தாள.”

“ஒரு தாளக் கிழிச்சா ரெண்டு நம்பர் போகும் அண்ணாச்சி. அறுபத்திரண்டுக்குப் பெறகு அறுபத்தஞ்சு வரும்.”

“ஒன் நம்பர்ல இடி விழ. குளிச்சத எவனாவது எழுதி வைப்பானாலே?”

“சுழி விழுந்தா சுழின்னு எழுதணும். நான் கிழிக்க மாட்டேன்.”

அவர் பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, “சரி, கிழிக்காத. மெட்ராசுக்கு வேற எழுது” என்றார்.

எழுதினேன். இதுதான் சங்கதி. கிழிக்க மாட்டேன் என்று மார் தட்டிய அதே கை, பாறையில் கண்கொத்திப் பாம்பாக இருந்த தொண்டர்கள் கேப்டன் தலைமையில் பதினொன்று பதினேழுக்கு விமானத்தைக் கண்டார்கள் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதி அனுப்பியது. அடியில் கார்பன் வைத்துப் பிரதி வேறு எடுத்தேன். அந்தப் பிரதியும் பெட்டியில் பத்திரமாக இருந்தது. மூன்று வாரத்தில் கேப்டன் பெயருக்கு நற்சான்றிதழ் வந்தது. மாடியில் டீயும் முந்திரிக்கொத்தும் கொடுத்தார். நான் இரண்டு முந்திரிக்கொத்தைக் காகிதத்தில் பொதிந்து எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனேன். பேச்சி திரும்பவில்லை. “வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. லைன் வருது.”

அடுத்த சனிக்கிழமை எட்டாவது கட்டு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். அவள் எட்டிப் பார்க்கவில்லை. சீசன் நேரம், அழைப்புகள் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். மழையை மில்லிமீட்டரில் அளந்தவனின் புத்தி இவ்வளவுதான்.

பெட்டிகள் வந்த பத்தாவது நாள் சுந்தர் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், தப்புச் சொல்ல முடியாது. பையன் என்கிறேன், ஐம்பதை நெருங்குகிறான். கட்டிலில் காய்ந்து வரிசையாக இருந்ததையெல்லாம் பார்த்து அவன் கண் கலங்கிவிட்டது.

“மாமா, இடிச்ச எடத்துல கல்யாண மண்டபம் வருது. வாசல்லயே பெரிய கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லிட்டேன். நடுவுல அப்பா சர்டிபிகேட்டு, சுத்தி இதெல்லாம். ஏசி இருக்கும், பூச்சி வராது. அட்டைல பின்னாடி இருக்க பென்சில் கிறுக்கல மட்டும் அழிச்சிட்டு லேமினேட் பண்ணிருவோம்.”

“அது கிறுக்கல் இல்ல” என்று சொல்லி அறுபத்து நான்காம் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். நின்றபடியே படித்தான். இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்தான்.

“அப்பா இப்ப இல்ல மாமா.”

“தெரியும்.”

“பிளேன் போன நாள்ல இந்த ஒரு தாள் இல்லன்னா யாருக்கு என்ன நட்டம்? மீதி தொண்ணூத்தெட்டுப் பக்கம் இருக்குல்லா?”

அவன் சரியாகக் கழித்ததை நான் கவனித்தேன். ஒரு தாள், இரண்டு பக்கம். பதில் சொல்வதற்குள் அவன் கார்பன் பிரதியைக் கண்டுவிட்டான்.

“இது ஒங்க கையெழுத்துல்லா? இதையும் வெளிய வைக்கப் போறியளா? அப்பா பொய் சொன்னாவன்னா, எழுதினது நீங்க.”

சுருக்கென்றது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விதான் எனக்குத் தைரியத்தையும் கொடுத்தது. “ஆமா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். இவன் எழுதின நெசம், இவனே எழுதின பொய். வாரவன் ரெண்டையும் படிக்கட்டும். ஒரு தாளும் போகாது, ஒரு பென்சில் கோடும் அழியாது. அப்படின்னா எடுத்துட்டுப் போ. இல்லன்னா இங்கன கெடக்கட்டும்.”

“வீட்டுல வச்சு என்ன செய்யப் போறிய மாமா? ஒங்களுக்குப் பெறகு?”

“எனக்குப் பெறகு நடக்கத எனக்கு முன்னால பேசாத.”

அவன் காப்பியைக் குடிக்காமல் போய்விட்டான். என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே, “கண்ணாடிப் பெட்டி, ஏசி எல்லாம் குடுக்கேங்கான். ஒங்களுக்குக் கட்டில்தான் வேணும் என்ன?” என்றாள். ஆமாம், எனக்குக் கட்டில்தான் வேண்டும். எழுபத்தாறு வயது வரை யாருக்காவது அடங்கி ஒரு காகிதத்தைக் கொடுத்தோ மறைத்தோ வந்தாயிற்று. இனி எவ்வளவு நாள் இருக்கிறேனோ அவ்வளவு நாளும் மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை சுரண்டை பஸ்ஸில் ஏறினேன். மடியில் பதிவேடு, பையில் முப்பத்திரண்டு அட்டைகள், புதுப் பென்சில் ஒன்று, சீவி. ஜன்னல் பக்கம் காற்றாலைகள் நாற்பத்தொன்று தெரிந்தன. நாங்கள் பார்த்த வானத்தில் அந்த உயரத்தில் பருந்துதான் இருக்கும். பேச்சி இருக்கிற தெருவைக் கண்டுபிடிக்க நாலு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சு ஆச்சி வீடு என்று கேட்டிருந்தால் ஒருவரே போதும் என்று ஐந்தாவது ஆள் சொன்னார்.

முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து இரண்டு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. நான் பேசிய பிறகு தெரிந்தது. ஆபரேட்டர்களுக்குக் குரல்தானே முகம்.

“மழைக்கார அண்ணாச்சியா! மண்டையில ஒரு முடியக் காணும், எண்ணிட்டியளா?”

பதிவேட்டைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு அந்தக் கோட்டில் நின்றது. நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த நாலு வாக்கியத்தையும் சொன்னேன். பொய் அறிக்கையை எழுதியது நான்தான் என்பது மூன்றாவது வாக்கியம்.

“தெரியும்லா” என்றாள். “மெட்ராசுலருந்து ஒங்க கேப்டன்ட்ட பேசினதே என் லைன்லதான. பதினொண்ணு பதினேழுக்குப் பாத்தியளாமேன்னு கேக்காவ, இவரு ஆமாங்காரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு.”

“சிரிப்பா?”

“பெறகு வரல.” சொளவைக் கீழே வைத்தாள். “இது தப்பு அண்ணாச்சி. பதினேழு இல்ல, பத்தொம்பது. எக்ஸ்சேஞ்சு கடியாரம் ரெண்டு நிமிசம் பின்னாடி ஓடும். அன்னைக்கே ரேடியோவ வச்சு சரிபாத்தேன். ஒங்கள்ட்ட சொல்லணும்னு இருந்தேன். பெறகு என்னத்துக்குன்னு விட்டுட்டேன்.”

ஆக, சான்றிதழில் இருக்கிற நேரமும் தப்பு. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கவில்லை. பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து மேலே எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

“ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட நான் மெம்பரா?”

“மெம்பரெல்லாம் குளிக்கப் போயிருந்தானுவ.”

அவள் சத்தமாகச் சிரித்தாள். என்னிடமிருந்து பேனாவை வாங்கி 17-ஐ ஒரே கோட்டில் அடித்து 19 என்று எழுதி, முழுப்பெயரையும் போட்டாள். மை காயட்டும் என்று நான் ஊதினேன்.

அப்புறம் அட்டைகளை எடுத்து வைத்தேன். “இந்த முப்பத்திரண்டும் எழுதாமக் கெடக்கு. இப்ப எழுதிக் குடுத்தியன்னா செட்டு முழுசாயிரும்.”

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒன்றைப் பார்த்து “அகப்பை” என்றாள், இன்னொன்றைப் பார்த்து “அருவாமணை”. நான் பென்சிலை நீட்டியபடியே இருந்தேன். முப்பத்திரண்டையும் பார்த்து முடித்து, நாலு பக்கமும் தட்டிச் சமமாக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“வேண்டாம் அண்ணாச்சி. வெறுமனே கெடக்கட்டும். பாக்கவன் கேப்பான்லா, இதுல மட்டும் ஏன் எழுதலன்னு. கேட்டாம்னா சொல்லுங்க.”

அப்படியே கிடக்கின்றன. முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டு இரண்டு மேசை போட்டிருக்கிறேன். எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று வாசலில் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். இதுவரை பதினொரு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் மின்கட்டணம் கட்டுகிற இடம் என்று நினைத்து வந்தவர்கள். மீதி ஒன்பது பேரும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ஒன்பது பேருக்கும் சொன்னேன்.

மேலகரத்தில் மாடி இல்லை. நாங்கள் உட்கார்ந்து விமானம் படித்த உயரத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் நாற்காலிகள் போய் எத்தனையோ காலம். ஒரு ஊர்க்காரன் இன்னொரு ஊர்க்காரனோடு பேச நடுவில் ஒரு பெண்ணின் கை வேண்டியிருந்தது என்று சொன்னால் இன்று யாருக்கும் விளங்காது. பாறைக்கு மேல் லாட்ஜ் கட்டிவிட்டார்கள். மெயின் பால்ஸில் தண்ணீர் கூடினால் விசில் ஊதி எல்லாரையும் வெளியே தள்ளுகிறார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கப்போகிற விமானங்கள் என் கணக்கில் ஒரு நாளைக்குப் பதினான்கு எங்கள் தலைக்கு மேலே போகின்றன, ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சென்னையில் தலைமையகம் என்று எழுதினால் கடிதம் திரும்பி வருகிறது. குழு கலைக்கப்பட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை, பார்சல் வருவது நின்றது, அவ்வளவுதான். கலைக்கப்படாத குழு நடப்பில் இருப்பதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு பேரில் உயிரோடு இருப்பவர்கள் நாலு. உறுப்பினர் பட்டியலில் போன வாரம் இருபத்து மூன்றாவதாக ஒரு பெயர் எழுதி எண் கொடுத்தேன். கைப்புத்தகத்தின் நாலாம் பக்கம் இதற்கு இடம் தராது. ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். மாலை நாலிலிருந்து ஆறு வரை வீட்டில்தான் இருக்கிறேன்.